தவளைக் கண்

புது மூஞ்சியைக் கழற்றிவிட்டுப் பழைய மூஞ்சியை மாட்டித் தரச் சொல்லி ஷிஹோ வந்து நின்றபோது, முதலாளி ஷிஷிதோவுக்கு அது ஒரு தடவையில் மண்டைக்குள் ஏறவில்லை.

“புதுசைக் கழட்டிட்டுப் பழசா?”

“ஆமா.”

“பழசைக் கழட்டிட்டுப் புதுசு இல்லையே?”

“காதுல பட்டி அப்பிக்கிட்டு வந்தீங்களா முதலாளி? எத்தனை தடவை சொல்றது?”

நான் உள்ளே ஒரு விவசாயியின் குட்டி லாரியில் கதவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். வாசலில் அவளுடைய பச்சை வண்டி நின்றது. நல்ல வண்டி. இந்த வரிசையில் கடைசியாக வந்த மாடல். முன்விளக்குக் கண் இரண்டும் கூராக, ஆளை முறைக்கிற மாதிரி இருக்கும். நாங்கள் அதை முறைப்பான் என்போம். அதற்கு முந்தைய காலத்து மாடலுக்குத் தூங்கி என்று பேர். விளக்கு இரண்டும் பானெட்டுக்குள் மூடியோடு படுத்திருக்கும், பொத்தானை அமுக்கினால் எழுந்து நிற்கும், மறுபடி அமுக்கினால் படுத்துவிடும்.

ஃபுகுஷிமாவில் எங்கள் ஊருக்கு மேலே மலையில் ஒரு ஓட்டத்திடல் இருக்கிறது. வண்டியின் பின்புறத்தை வழுக்கவிட்டுப் பக்கவாட்டிலேயே ஓட்டிப் போகிற ஆட்டம் அங்கே. ஞாயிற்றுக்கிழமை அங்கே உடைவது திங்கட்கிழமை எங்கள் பட்டறையில் கிடக்கும். அதனால் முன்பக்கத்தையே கழற்றி மூஞ்சி மாற்றுகிற வேலை எனக்குப் புதிதில்லை. பழைய உடம்புக்குப் புது மூஞ்சி கேட்டு வருவார்கள். வயசானவன் முடிக்குச் சாயம் பூசுகிற மாதிரி, அது புரிகிறது. துருப் பிடிக்காத புது வண்டிக்குப் பழைய மூஞ்சி கேட்டு யாரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.

“ஏம்மா?” என்று முதலாளி கேட்டார்.

“அழகா இருக்கும்.”

“இப்ப அழகா இல்லையா?”

“உங்களுக்கு முடியுமா முடியாதா?”

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முடியும் என்பதற்காக ஆட்டவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது, வண்டி உள்ளே வந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் போனதும் வண்டியைத் தள்ளி உள்ளே கொண்டுவந்தோம். எங்கள் பட்டறையில் வாடிக்கையாளர் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது. முதலாளியின் அப்பா காலத்துப் பழக்கம். எங்கள் உடுப்பு முழுக்க இரும்புத் தூளும் சொட்டை அடைக்கிற பட்டித் தூளும்தான், சீட்டில் படிந்தால் போகாது. சன்னலுக்குள் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடக்க, ஒருவர் பின்னால் தள்ளுவோம். உட்கார்ந்தே தீர வேண்டும் என்றால் முதலாளி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, செய்தித்தாளை விரித்து உட்காருவார். இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ வண்டியின் வெளிப்புறத்தைக் கையால் தடவியிருக்கிறேன். உள்ளேயிருந்து உலகம் எப்படித் தெரியும் என்று பார்த்ததில்லை.

ஷிஹோவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு மண்ணெண்ணெய் லாரி ஓட்டிவருவாள். எங்கள் தெருவில் இரண்டு சைக்கிள் ஒதுங்க இடமிருக்காது, அதில் ரிவர்ஸில் வந்து திரும்பிப் போவாள், ஒரு பூந்தொட்டி சாயாது. ஆள் குட்டை. லாரியிலிருந்து இறங்குகிறபோது குதித்துத்தான் இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவாள். யாகினுமா என்று கூரைக்கு ஓடு போடுகிற ஆள் ஒருவர், அவருடைய மச்சான், ஷிஹோ, இந்த மூன்று பேரும் ஒரு குழு. மூன்று வண்டியும் ஒரே மாடல், ஒரே பச்சை, ஒரே மூஞ்சி. மூன்றும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி வரிசையாக வழுக்கிப் போகும்போது ஒரே பாம்பு வளைகிற மாதிரி இருக்கும் என்பார்கள். அக்டோபரில் குழு ஓட்டம் வருகிறது. அதற்குத்தான் கோடை முழுக்கப் பழகினார்கள். கோடை முழுக்க ஷிஹோ முன்னால் போகிற யாகினுமாவை இடித்துக்கொண்டே இருந்தாள்.

“முன்னெல்லாம் அவ இடிச்சதே இல்லியே” என்றார் முதலாளி, பம்பர் திருகாணியைக் கழற்றிக்கொண்டே. “போன வருஷம் வரைக்கும் தூங்கி வச்சிருந்தா. அதுல எலி வால் பிடிக்கிற மாதிரி ஓட்டினா.”

“அந்த வண்டி என்ன ஆச்சு?”

“அடிப்பக்கம் துரு தின்னுடுச்சு. குழுவுல எல்லாரும் முறைப்பானுக்கு மாறினாங்க, அவளும் மாறினா. பழைய நினைப்பு விடல போலிருக்கு.”

“நினைப்புக்காக இவ்வளவு செலவு பண்ற ஆளா அவ? பழத்தோட்டத்துல அடிபட்ட பீச் பழமாப் பொறுக்கி வாங்குறவ.”

“அப்ப எவனாவது பழைய ஆளா இருக்கும். அவன் கண்ணுக்கு அந்த மூஞ்சி பிடிக்கும்.”

“அவளுக்கா?”

“ஏன், மண்ணெண்ணெய் விக்கிறவங்களுக்கு ஆள் இருக்கக் கூடாதா?”

பம்பர் கையோடு வந்தது. தூக்கித் தரையில் கவிழ்த்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். வலது மூலை கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. இடது மூலையில் பட்டியின் மேல் பட்டி, சாயத்தின் மேல் சாயம், எங்களிடம் கொண்டுவராமல் அவளே அப்பியது. உடைந்து ஒட்டி, உடைந்து ஒட்டி, உள்பக்கம் கொசுவலைத் தையல் மாதிரி ஆகியிருந்தது. திடலில் இரண்டு பக்கமும்தான் திரும்புகிறார்கள். அடி மட்டும் ஏன் ஒரே பக்கம்? முதலாளிக்குக் காட்டினேன்.

“இடது கை ராசியில்லாத ஆளு” என்று சொல்லிவிட்டு அவர் காபி வாங்கப் போனார்.

பழைய மூஞ்சி கிடைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. வண்டி பிரிக்கிற யார்டுகளுக்கெல்லாம் முதலாளி போன் போட்டார். கடைசியில் கடலோரத்து யார்டு ஒன்றில் பானெட், சக்கரத்தை மூடுகிற ஃபெண்டர் இரண்டு, பம்பர், கண் இரண்டும் மோட்டாரோடு கிடைத்தன. வெள்ளை நிறம். இடது கண் மூடி ஏறவில்லை. மோட்டாரின் பின்னால் ரப்பர் தொப்பியைக் கழற்றினால் ஒரு குமிழ் இருக்கும், அதைக் கையால் திருகினால் கண் மெல்ல ஏறும். நான் திருகித் திருகி, துரு உதிர உதிர, அது ஒரு வழியாக முழித்துக்கொண்டது.

மாட்டிப் பார்த்தால் எதுவும் எதற்கும் சேரவில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் இரண்டு மாடலும், ஆனால் அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்தாத மாதிரி. ஃபெண்டரின் வால் கதவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கதவில் ஓடுகிற கோடு ஒன்று, ஃபெண்டரில் ஓடுகிற கோடு வேறு. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை உயரம். புது மாடலுக்கு முன்கண்ணாடியின் அடிப்பாகம் இரண்டு விரல் உயரம் கூட. பழைய பானெட்டை அப்படியே வைத்தால் கண்ணாடிக்குக் கீழே படிக்கட்டு மாதிரி ஒரு பள்ளம் விழும்.

பள்ளம் எனக்கு ஆகாது. எங்கள் வேலையில் மதிப்பெல்லாம் சந்தில்தான். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ஓடுகிற சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். விரல் நுனியை ஓட்டிக்கொண்டு போனால் எங்கேயும் ஏறவோ இறங்கவோ கூடாது. அதனால் பானெட்டின் பின்பக்கத்தைத் தூக்கினேன். அதற்குத் தக்க ஃபெண்டரை வெட்டி, தகடு சேர்த்து, வெல்டு வைத்து, ராவி எடுத்தேன். சாயம் அடிக்கும் முன்பே இது பிறந்ததிலிருந்து இப்படித்தான் என்று சொல்லலாம் போல வந்துவிட்டது. மூடிய கண் இரண்டும் பானெட்டோடு பானெட்டாகப் படுத்துக் கிடந்தன. சந்தில் நகம்தான் போகும்.

அப்படி ராவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் யாகினுமா வந்தார். வேலைக்கு நடுவில் வந்திருக்கிறார், காலில் பெருவிரல் தனியாகப் பிரிந்த துணிச்செருப்பு, தலையில் துண்டு. நெடுநெடுவென்று ஆள், கதவில் குனிந்துதான் நுழைந்தார். காபி டின்னைத் திறந்தவர் குடிக்கவில்லை.

“இது யாரு வண்டி?”

பின்பாகம் பச்சையாக இருக்கிறது, முன்பாகம் வெள்ளையாக இருக்கிறது. ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பச்சை கிடையாது. முதலாளி மேலே பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

“நான் உங்களைத்தான் கேக்குறேன், நிஹெய் அண்ணே.”

“தெரிஞ்சுக்கிட்டே கேட்டா நான் என்ன சொல்றது?” என்றேன்.

“கிறுக்குப் பிடிச்சிருக்கா அவளுக்கு? மூணும் ஒரே மூஞ்சி. அதுதான் எங்க குழு. அதுக்குன்னே பேர் எடுத்திருக்கோம். நடுவுல ஒண்ணு தூங்கிக்கிட்டு வந்தா பார்க்கறவன் சிரிக்க மாட்டானா? மார்க் போடுறவன் விடுவானா?”

“ஏன்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டேன். எனக்கு அதுதான் வேண்டும்.

“எங்கிட்ட சொல்லாம உங்ககிட்ட சொல்லியிருப்பான்னுதான் வந்தேன்.”

“எங்ககிட்ட அழகுக்குன்னு சொன்னா.”

“அழகு!” அவர் அப்போதுதான் ஒரு மடக்கு குடித்தார். “இந்தா பாருங்க. எங்க மச்சானுக்கு ஒரு கூட்டாளி இருக்கான், முறைப்பான் வச்சிருக்கான், பச்சை அடிச்சுக்கறேன்னு நிக்கிறான். இவ இன்னொரு தடவை எம் மேல மோதினா அவனைச் சேத்துக்குவேன்னு போன மாசமே சொல்லிட்டேன். இப்ப மூஞ்சியும் மாறிப்போச்சுன்னா நான் யாருக்காகப் பேசறது? ஞாயித்துக்கிழமை கடைசிப் பழக்கம். அன்னிக்குத் தெரிஞ்சுடும்.”

வெளியே போனவர் திரும்பி வந்து, பானெட் சந்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“வேலை நல்லாத்தான் இருக்கு” என்று எரிச்சலோடு சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். வரிசையில் இருக்க வேண்டும் என்பதற்காக உயிரை விடுகிறவள், வரிசையிலிருந்து தள்ளுகிற காரியத்தையே காசு கொடுத்துச் செய்வாளா?

சனிக்கிழமை சாயம் காய்ந்து, மினுக்கியும் ஆயிற்று. ஷிஹோ ஒரு பெட்டி பீச் பழத்தோடு வந்தாள். எல்லாம் அடிபட்ட பழம்தான், ஆனால் நல்ல தித்திப்பு. வண்டியைச் சுற்றி வந்தாள். சந்துகளைப் பார்த்து “ஓ” என்றாள். நான் சன்னலுக்குள் கையை விட்டுப் பொத்தானை அமுக்கினேன். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் எழுந்தன. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் முகம் அப்படியே பூத்துவிட்டது. முதலாளி என்னை முழங்கையால் இடித்தார், அழகுக்குத்தான் என்கிற மாதிரி.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். முன்னால் பார்த்தாள்.

கழுத்தை நீட்டினாள். வாத்து வரப்புக்கு மேலே எட்டிப் பார்க்குமே, அப்படி. பிறகு இடது பக்கம் சாய்ந்து நீட்டினாள். பொத்தானை அமுக்கி இறக்கினாள், ஏற்றினாள். மறுபடி இறக்கி ஏற்றினாள். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை.

இறங்கி வந்து குனிந்து வணங்கினாள். “ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. நன்றி.”

“என்ன குறை?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. அருமையா இருக்கு.”

“பொய் சொல்லாதம்மா. என்ன பார்த்தே உள்ள உக்காந்து?”

அவள் பழப்பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது அது. முதலாளி வாயைத் திறக்கப் போனார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“சிரிக்கக் கூடாது” என்றாள்.

“சிரிக்கல.”

“முதலாளியும் சிரிக்கக் கூடாது.”

“நான் எதுக்குச் சிரிக்கப் போறேன்!”

“என் வண்டியோட மூக்கு எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியல” என்றாள். “லாரியில மூக்கே கிடையாது. காலுக்கு அந்தப் பக்கம் ரோடு. அதுலயே உக்காந்து பழகிட்டேன். பழைய வண்டியில கண்ணைத் தூக்கிவிட்டா ரெண்டு மூலையும் எனக்குத் தெரியும். அதோ என் இடது மூலை, இதோ என் வலது மூலை, அவ்வளவுதான், அதைப் பாத்துக்கிட்டே யாகினுமா கதவுக்குப் பக்கத்துல கொண்டுபோய் வச்சுருவேன். பகல்லயும் கண்ணைத் தூக்கிக்கிட்டுத்தான் ஓட்டுவேன், எல்லாரும் பந்தான்னு நினைச்சாங்க. இந்த வண்டியில முன்னால ஒண்ணுமே இல்ல. ஆகாசம்தான் இருக்கு. வலது பக்கமாவது கிட்ட இருக்கு, குத்துமதிப்பாத் தெரியும். இடது பக்கம் சுத்தமாத் தெரியல.”

இடது மூலையில் பட்டியின் மேல் பட்டி. நம் ஊர் வண்டியில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருகிறார், எட்டத்தில் இருப்பது இடது மூலை. பத்து நாளாகக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை.

முதலாளி சிரிக்கவில்லை. அவர் வேறு செய்தார். “இதுக்காம்மா இத்தனை கூத்து? மூலைக் கம்பி ஒண்ணு நட்டா போதுமே! அஞ்சு நிமிஷ வேலை!”

இடது முன்மூலையில் ஒரு குச்சிக் கம்பி, நுனியில் பச்சை விளக்கு. புதிதாக லைசென்ஸ் வாங்கினவர்களும் தாத்தாக்களும் நட்டுக்கொள்வது. ஷிஹோவின் முகம் சிவந்துபோயிற்று.

“அதை நட்டுக்கிட்டு மலைக்குப் போறதுக்கு லாரியோட ஆத்துல இறங்கிடுவேன்.”

“சரி, சீட்டை உயர்த்திப் போட்டா?”

“காலுக்குப் பெடல் எட்டாது முதலாளி. என்னைப் பாத்தா தெரியலியா?”

“அதான் கண்ணு தூக்கி இருக்கே இப்ப” என்றேன். “தெரியணுமே.”

அவள் கதவைத் திறந்து பிடித்தாள். “நீங்களே உக்காந்து பாருங்க.”

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். காலணியைக் கழற்றினேன், மேலுடுப்பையும் கழற்றிப் போட்டேன், பனியனோடு உள்ளே போனேன். உட்கார்ந்து பார்த்தால் பானெட்டுக்கு அப்பால் இரண்டு மூடியின் உச்சி கோடு மாதிரி தெரிந்தது. “தெரியுதே” என்றேன்.

“என் உயரத்துக்கு வாங்க.”

சீட்டில் சரிந்தேன். இன்னும் கொஞ்சம் சரியச் சொன்னாள். சரிந்தேன். கோடு முங்கிப்போயிற்று. கண்ணாடிக்குக் கீழே பானெட்டின் பின்விளிம்பு, என் கையால் தூக்கி, என் கையால் ராவின விளிம்பு, மலை மாதிரி நின்றது. அதற்கு அப்பால் பட்டறையின் கூரை.

சந்து சரியாக வரவேண்டும் என்று தூக்கியதில் அவளுக்கு வேண்டியது மறைந்துவிட்டது. வெளியே நின்று ஆயிரம் தடவை தடவிப் பார்த்தேனே, ஒரு தடவை உள்ளே உட்கார்ந்திருந்தால் சாயம் அடிக்கும் முன்பே தெரிந்திருக்கும். எங்கள் பட்டறையின் சுத்தம் அப்படி.

“ஏம்மா முதல்லயே சொல்லல?” என்றார் முதலாளி.

“ஊர்ல எல்லாத் தெருவுலயும் ரிவர்ஸ்ல போறவ நான். மூக்குத் தெரியலன்னு யாருகிட்ட சொல்வேன்?”

பானெட்டைத் திரும்ப இறக்கலாம். வெட்டு, வெல்டு, பட்டி, சாயம் என்று இன்னொரு வாரம் ஆகும். மறுநாள் ஞாயிறு.

நான் அந்தச் சீட்டிலேயே சரிந்து கிடந்தபடி யோசித்தேன். விளிம்பை இறக்க முடியாது என்றால் கண்ணை ஏற்ற வேண்டும். மோட்டாரிலிருந்து கண்ணைத் தள்ளுகிற தண்டு ஒன்று இருக்கிறது. அதை நீளமாக்கினால் கண் இன்னும் மேலே போகும். அடியில் இரும்புத் துண்டு வைத்தால் இன்னும் கொஞ்சம்.

“ஷிஹோ, நீ வந்து உக்காரு. தெரியுது, தெரியலன்னு மட்டும் சொல்லு.”

தண்டை வெட்டி நடுவில் துண்டு வைத்துப் பற்றவைத்தேன். அவள் உள்ளேயிருந்து “இல்ல” என்றாள். துண்டு வைத்தேன். “இல்ல.” இன்னொரு துண்டு. “இடது கொஞ்சம் தெரியுது. நகம் அளவு.” முதலாளி அப்படியும் இப்படியும் நடந்தார். அவர் பார்வை வெளியிலிருந்துதான். கண் இரண்டும் இப்போது மண்டைக்கு மேல் வந்துவிட்டன.

“நிஹெய், தவளை மாதிரி ஆயிடுச்சுய்யா.”

“ஆகட்டும்.”

“மூடினாலும் மூட மாட்டேங்குது பாரு.”

அதுதான் எனக்கு வலித்தது. தண்டு நீளமானதால் கண் முழுசாக இறங்காது. மூடிய பிறகும் இரண்டு மூடியும் இரண்டு விரல் தூக்கி, அரைத்தூக்கத்தில் முழித்துப் பார்க்கிற மாதிரி நின்றன. நகம் மட்டும் போகிற சந்தில் இப்போது எலி போகும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இன்னொரு துண்டு வைத்தேன்.

“தெரியுது!” என்று உள்ளேயிருந்து கத்தினாள். “ரெண்டும்! அண்ணே, ரெண்டும் தெரியுது!”

வெளிச்சம் ஆகாயத்துக்குப் போகாமல் இருக்க விளக்கை மட்டும் உள்ளே கீழ்நோக்கித் திருகி, சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்தோம். முதலாளி ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டே, “எம் பட்டறைப் பேரை மட்டும் எங்கயும் சொல்லிடாதே தாயி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் தூங்குகிற ஆள். ஆறு நாள் சுத்தியல் பிடித்த கை ஏழாம் நாள் டீக் கிண்ணத்தைக்கூடச் சரியாகப் பிடிக்காது. அன்றைக்கு மலைக்குப் போனேன். கம்பி வேலிக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன்.

அவள் வண்டி உள்ளே வந்ததும் திடலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவன் “க்ரோ, க்ரோ” என்று தவளை மாதிரி கத்தினான். யாகினுமா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடு பொறுக்குகிறவர் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“இது என்ன ஷிஹோ?”

“மூஞ்சி.”

“யாரோட மூஞ்சி?”

“ஒரே ஒரு சுத்து. நீங்க முன்னால, நான் பின்னால. அப்புறம் என்ன சொல்றீங்களோ சொல்லுங்க. போகச் சொன்னா போயிடறேன்.”

அவர் என் பக்கம் பார்த்தார். நான் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வண்டியும் கிளம்பின. முதல் வளைவில் யாகினுமா வண்டியை வீசினார். பின்புறம் வெளியே வந்து, டயர் புகைந்து, வண்டி பக்கவாட்டில் போயிற்று. ஷிஹோ பின்னாலேயே வீசினாள். புகைக்குள் அந்த இரண்டு கண்ணும் மட்டும் மேலே தெரிந்தன, குளத்தில் தவளை முழிக்கிற மாதிரியேதான். இடது மூலை அவர் கதவை நோக்கிப் போயிற்று. போயிற்று, போயிற்று, நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன், ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவர் மறுபக்கம் வீசினார், அவளும் வீசினாள். அதே ஒரு முழம். சத்தம் போட்டவன் சத்தத்தை நிறுத்திவிட்டான்.

ஒரு சுற்று என்று சொன்னது. யாகினுமா நிறுத்தாமல் அடுத்த சுற்றும் போனார்.

இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவள் வண்டிக்கு நடந்தார். முன்னால் நின்று இரண்டு கண்ணையும் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் வண்டியின் பின்னால் காற்றை அமுக்க மாட்டியிருக்கிற இறக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கும் தெரிஞ்சுது” என்றார்.

“என்னது?” என்றாள் ஷிஹோ.

“நீ. இத்தனை நாளா நீ கிட்ட வந்தா, கண்ணாடியில என் இறக்கைக்குக் கீழ உம் மூஞ்சி மறைஞ்சுடும். எங்க இருக்கே, எப்ப இடிப்பேன்னு முதுகு கூசிக்கிட்டே ஓட்டுவேன். நீ ஒரு தடவை இடிச்சப்புறம் நான் பயந்துக்கிட்டு நடுவுல வேகத்தைக் குறைச்சிருக்கேன், அதனாலயும் நீ இடிச்சிருப்பே. இன்னிக்கு இறக்கைக்கு மேல ரெண்டு கண்ணு எட்டிப் பாத்துக்கிட்டே வந்துது.” அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலை முழுக்க வியர்வை. “ஏன் சொல்லல நீ?”

“நீங்க ஏன் சொல்லல?”

அவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ஆனா மூஞ்சி ஒண்ணா இருக்கணும், அது மாறாது” என்றார்.

“மாற வேண்டாம்” என்றாள் ஷிஹோ. “நீங்க மாத்திக்குங்க.”

கூட நின்ற மச்சான் சிரித்தான். யாகினுமா சிரிக்கவில்லை. காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அத்தனை உயரத்தையும் மடக்கிக்கொண்டு அவள் சீட்டில் போய் உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது. அங்கேயே வெகுநேரம் இருந்தார்.

திங்கட்கிழமை காலையில் பட்டறை வாசலில் யாகினுமாவும் மச்சானும் கொண்டுவந்த இரண்டு பச்சை வண்டி நின்றன. முதலாளி யார்டு யார்டாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார், கடலோரத்து ஆளிடம் கெஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் முதல் வண்டியின் கதவைத் திறந்து, காலணியைக் கழற்றி, மேலுடுப்பைக் கழற்றி, உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.

“யோவ்!” என்றார் முதலாளி, போனைக் கையால் பொத்திக்கொண்டு.

“அளவு பாக்கறேன் முதலாளி.” யாகினுமாவிடம் திரும்பினேன். “நீங்க நெட்டை. உங்களுக்கு இவ்வளவு தூக்க வேண்டியதில்ல. பானெட்டையும் இறக்கியே வச்சுத் தரேன், கண்ணும் ஒழுங்கா மூடும், சந்தும் நல்லா வரும். எவ்வளவு தூக்கட்டும்?”

“அவளுக்கு எவ்வளவோ அவ்வளவு” என்றார் அவர்.

“மூடாது.”

“மூடாட்டி என்ன? ஒரே மூஞ்சியா இருக்கணும்.”

இறங்கி வந்து வெட்டும் மெஷினை எடுத்தேன். இன்னும் நான்கு கண், நான்கு தண்டு. கை முழுக்க வலி. நேற்று தூங்கியிருக்க வேண்டிய நாள்.